கதிரை கிடைத்தது, கோப்பு கிடைக்கவில்லை

ஆசிரியருக்கு,

ஐ.நா. பாதுகாப்புச் சபை 1325 ஆம் இலக்கத் தீர்மானத்தை 2000 ஒக்டோபர் 31 அன்று நிறைவேற்றியது. போரைத் தடுப்பதிலும் முடிப்பதிலும், முடிந்தபின் ஊரைக் கட்டியெழுப்புவதிலும் பெண்களுக்குச் சம பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். அதை நடைமுறைப்படுத்த 2023 முதல் 2027 வரைக்கான தேசிய செயற்றிட்டம் ஒன்றும் இலங்கையிடம் இருக்கிறது. ஆகவே ஆவணத்துக்குப் பஞ்சமில்லை. மகளிர் தினத்தன்று இதை மேடையில் சொல்லாத அரசியல்வாதியும் இல்லை. இருந்தும் வடக்கு, கிழக்கில் ஒரு காணி விடுவிப்போ, ஒரு புனர்வாழ்வு நிதியோ, ஒரு காவலரண் அகற்றலோ முடிவாகும் அறைக்குள் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். பெண்களை அழைக்கும் கூட்டங்கள் ஏராளம். பணமும் காணியும் பாதுகாப்பும் வேறு கூட்டங்களில் முடிவாகின்றன என்பதுதான் கோளாறு. கோளாறு நடைமுறையில் இருப்பதால் நடைமுறையைப் பற்றியே எழுதுகிறோம்.

2002 செப்டெம்பர் முதல் 2003 மார்ச் வரை அரசும் விடுதலைப் புலிகளும் ஆறு சுற்றுப் பேசினார்கள். ஒஸ்லோவில் நடந்த மூன்றாம் சுற்றில் பெண்கள் விவகாரத்துக்கென ஓர் உபகுழுவை அமைக்க இணங்கினார்கள். அரச தரப்புக்குக் குமாரி ஜயவர்த்தனவும் புலிகள் தரப்புக்குத் தமிழினியும் தலைமை தாங்க, தரப்புக்கு ஐவராகப் பத்துப் பெண்கள். நோர்வே சார்பில் அஸ்ட்ரிட் ஹைபேர்க் அனுசரணையாளர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடி மீள்குடியேற்றம், தனிமனிதப் பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம் என்று நிகழ்ச்சி நிரலும் வகுத்தார்கள். அன்றைய நிலையில் இது சின்ன விடயமல்ல. ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தியதும் குழுவும் அத்தோடு நின்றது.

அந்தக் குழு நீடித்திருந்தாலும் எவ்வளவு சாதித்திருக்கும் என்ற கேள்வி எமக்கு உண்டு. பணம் இருந்தது உடனடி மனிதாபிமான, புனர்வாழ்வுத் தேவைகளுக்கான உபகுழுவில். வடகிழக்குப் புனரமைப்பு நிதியம், உலக வங்கி என்ற பேச்செல்லாம் அங்கேதான். மக்கள் காணிகளை இராணுவம் வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயங்களைப் பேச வேண்டியது பதற்றத் தணிப்புக்கான உபகுழு. ஒரு பெண் தன் வீட்டுக்குத் திரும்பலாமா, கிணற்றடிக்கு இரவில் போகலாமா என்பதை உண்மையில் தீர்மானித்திருக்க வேண்டியவை இந்த இரண்டும்தான். பெண்கள் குழுவுக்கு இந்த இரண்டின் வரைவுகளையும் வாசித்துத் திருத்தும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. மேசை ஒன்று, கோப்பு வேறொன்று.

கொலம்பியாவில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். அரசுக்கும் பார்க் கிளர்ச்சியாளர்களுக்கும் ஹவானாவில் நடந்த பேச்சுவார்த்தையில் 2014 செப்டெம்பரில் பால்நிலை உபகுழு அமைந்தது. தனியாக ஒரு 'பெண்கள் அத்தியாயம்' எழுதும் வேலையை அதற்குக் கொடுக்கவில்லை. காணி, அரசியல் பங்கேற்பு, போதைப்பயிர், பாதிக்கப்பட்டோர் என ஒவ்வோர் ஒப்பந்த வரைவையும் வாசித்துத் திருத்தம் முன்வைக்கும் பணி கொடுத்தார்கள். 2016 ஒப்பந்தத்தின் காணிப் பகுதியிலேயே கிராமப்புறப் பெண்கள் இடம்பெற்றது இதனால்தான்.

வட அயர்லாந்தில் வாசலைத் திறந்தது ஒரு தேர்தல் விதி. 1996 தேர்தலில் அதிக வாக்குப் பெற்ற முதல் பத்துக் கட்சிகளுக்கும் தலா இரண்டு மேலதிக ஆசனம் என்று வகுத்தார்கள். அப்போதுதான் தொடங்கிய பெண்கள் கூட்டணி ஏறக்குறைய ஒரு வீத வாக்கை வைத்துக்கொண்டே மொனிகா மக்வில்லியம்ஸ், பேர்ல் சேகர் ஆகிய இருவரைப் பிரதான மேசையில் உட்காரவைத்தது. பாதிக்கப்பட்டோருக்கான ஏற்பாடுகளும் இரு சமூகப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கல்வியும் 1998 ஏப்ரல் உடன்படிக்கையில் இடம்பிடிக்க அவர்கள் பிடித்த பிடி முக்கிய காரணம். வாசலை எந்த அளவில் வெட்டுகிறோம் என்பதில்தான் யார் உள்ளே வருவார் என்பது இருக்கிறது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல் 25 வீத ஒதுக்கீட்டோடு நடந்தது. அதற்கு முன் சபைகளில் பெண்கள் 2 வீதம்கூட இல்லை. அந்தத் தேர்தலோடு ஐந்தில் ஒன்றுக்கு மேல் போனது. நல்ல பாய்ச்சல், மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் உள்கட்டமைப்பைப் பாருங்கள். வட்டார வேட்புமனுவில் பெண்கள் 10 வீதம் இருந்தால் போதும், மேலதிகப் பட்டியலில் 50 வீதம் வேண்டும். அதாவது மக்கள் முன் நின்று வாக்குக் கேட்கும் இடத்தில் குறைவாகவும், கட்சிச் செயலாளர் பெயர் பொறுக்கும் இடத்தில் அதிகமாகவும் பெண்கள். வட்டாரத்தில் வென்ற ஆண் உறுப்பினருக்கு ஒரு வட்டாரம் இருக்கிறது, வீதி கேட்டு வரும் மக்கள் இருக்கிறார்கள். பட்டியலில் வந்த பெண்ணுக்குக் கட்சித் தலைமை மட்டும்தான் இருக்கிறது. ஆசனத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் சுழற்சி என்று சொல்லி இடையில் விலகச் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? போதாக்குறைக்கு, 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான ஆசனமும் பெறும் கட்சிக்கு 25 வீதக் கடப்பாட்டிலிருந்து விலக்கும் உண்டு. சிறு கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் நிறைந்த வடக்கு, கிழக்கில் இந்த ஓட்டையால் ஒழுகும் ஆசனங்கள் கொஞ்சமல்ல.

சபைக்குள் போனபின் அடுத்த வடிகட்டல். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழினுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என நான்கு குழுக்களைச் சொல்கிறது. பெண் உறுப்பினரைப் பெரும்பாலும் சமூக அபிவிருத்தியில் போடுவார்கள்: முன்பள்ளி, வாசிகசாலை, மாதர் சங்கம். தெருவிளக்கு எந்த ஒழுங்கையில், பொதுக்காணியை யாருக்குக் குத்தகைக்கு, சந்தைக்கடை யாருக்கு என்பதெல்லாம் மற்றக் குழுக்களில். இரு சமூகங்கள் அடுத்தடுத்து வாழும் ஊரில் சண்டை தொடங்குவதும் அதே இடங்களில்தான்: குத்தகைக்கு விட்ட மேய்ச்சல் தரை, மதிலெழுப்பிய பாதை, ஒரு பக்கத்தாருக்கு மட்டும் ஒதுக்கிய கடை. அங்கே பெண் உறுப்பினர் இல்லையென்றால் சமாதானப் பணியில் அவருக்கு என்ன வேலை? முதல் அமர்வில் குழுக்களுக்குப் பெயர் பிரேரிக்கும்போது கேட்டு வாங்க வேண்டும். பிறகு கேட்டால் 'அடுத்த முறை பார்ப்போம்' என்பார்கள்.

கிராம மட்டத்தில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. பிரதேச செயலகத்தில் 'நல்லிணக்கக் கலந்துரையாடல்' என்று அழைப்பு வரும், பெரும்பாலும் முதல்நாள் மாலை கிராம அலுவலரின் தொலைபேசி வழியாக. காலை 8.30 என்பார்கள். பிள்ளையைப் பாடசாலையில் விட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வர 9.30 ஆகும். அதற்குள் முன்வரிசையில் அதிகாரிகளும் சங்கத் தலைவர்களும் அமர்ந்திருப்பார்கள். முதல் ஒன்றரை மணித்தியாலம் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. உரையாற்றிய அதிகாரி 'இன்னொரு கூட்டம் இருக்கு' என்று எழும்பிப் போவார். பெண்கள் பேசத் தொடங்கும்போது பதில் சொல்லக்கூடியவர் அறையில் இருக்க மாட்டார். இதைச் சதி என்று நாங்கள் சொல்லவில்லை. பழக்கம். பழக்கத்தை உடைக்க நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாக்கினால் போதும்: பெண்களின் கேள்விகள் முதலில், அதிகாரிகளின் பதில் இரண்டாவதாக, உரைகள் நேரமிருந்தால். ஏற்பாட்டாளர்கள் இதற்கு இணங்காவிட்டால், குறைந்தது பதில் சொல்ல வேண்டிய மூன்று அதிகாரிகள் கடைசிவரை இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும்.

நேரம் 9.30க்கும் 12.30க்கும் இடையில் அமைய வேண்டும். பாடசாலை விட முன் வீடு திரும்பலாம். நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்குப் பஸ் காசு மட்டும் கொடுத்தால் அன்றைய அடுப்பு எரியாது. பயணச் செலவோடு அன்றைய கூலியையும் அன்றே கையில் கொடுக்க வேண்டும். 'வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறோம்' என்றால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வர மாட்டார். கைக்குழந்தைகளுக்கு ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஒரு முன்பள்ளி ஆசிரியையும் வேண்டும். பெண்கள் பாவிக்கக்கூடிய கழிப்பறை உண்டா என்று முதல்நாளே போய்ப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வேண்டும்தான். பங்கேற்பு விழுவது இந்த இடங்களில்.

பெரிய கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு 12 முதல் 15 பெண்கள் இரண்டு மணித்தியாலம் தனியாகக் கூட வேண்டும். இந்த முன்கூட்டம் இல்லாமல் போனால் பேச்சு புலம்பலாக மாறும், அல்லது சங்கத் தலைவி ஒருவரே பேசுவார். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி மூன்று நிரல் போடுங்கள்: பிரச்சினை, எந்த அலுவலகம், கையில் உள்ள ஆவணம். 'காணி விடவில்லை' என்பது கேள்வியாகாது. இராணுவம் பிடித்திருக்கும் காணியில் உறுதிப்பத்திரம் உள்ள தனியார் காணி எத்தனை ஏக்கர், அரச அனுமதிப்பத்திரக் காணி எத்தனை, வனவளத் திணைக்களம் உரிமை கோரும் பகுதி எது, தொல்பொருள் திணைக்களம் கல் நட்ட இடம் எது என்று பிரித்தால்தான் பதில் சொல்ல ஆள் கிடைப்பார். நான்குக்கும் நான்கு அலுவலகம். பிரிக்காமல் கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்புப் பெண்கள் 2017 ஜனவரி இறுதியில் விமானப்படை முகாம் வாசலில் இருக்கத் தொடங்கி மார்ச் 1 அன்று காணிக்குள் கால் வைத்தார்கள். அவர்கள் கேட்டது குறிப்பிட்ட காணி. இன்னாருடைய வளவு, இன்னாருடைய கிணறு என்று.

முன்கூட்டத்தில் இரண்டு பேரைப் பேசத் தெரிவு செய்யுங்கள், ஒருவரைக் குறிப்பெடுக்க. பேசுபவருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம், ஒரு கேள்வி. அதிகாரி 'மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறோம்' என்றால் அடுத்த வாக்கியம் தயாராக இருக்க வேண்டும்: 'எந்தத் திகதிய கடிதம்? பிரதி தர முடியுமா?' குறிப்பெடுப்பவர் அதிகாரியின் பெயரைவிடப் பதவியை எழுத வேண்டும். ஆள் மாறுவார், பதவி மாறாது.

அடுத்தது கூட்ட அறிக்கை. 'பெண்கள் தமது பல்வேறு பிரச்சினைகளை முன்வைத்தனர்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியில் 15 பேரின் ஒரு நாள் உழைப்பு காணாமல் போகும். ஒவ்வொரு கேள்விக்கும் இலக்கம், பொறுப்பான பதவி, பதில் தரும் திகதி ஆகிய மூன்றும் அறிக்கையில் ஏற வேண்டும் என்று கூட்டம் முடிய முன் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் விடயமாக அதே அறிக்கை வர வேண்டும். வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு. 'ஏன் விடவில்லை' என்று விண்ணப்பத்தில் எழுதக்கூடாது; விளக்கம் கேட்டால் தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும். 'இன்ன திகதிக் கூட்ட அறிக்கையின் பிரதி', 'இன்ன கிராமத்தின் அளவை வரைபடப் பிரதி' என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

நிதி கொடுக்கும் நிறுவனங்களுக்கும் ஒன்று. வரவுப் பதிவேட்டில் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கிராமம், கையொப்பம் என்று ஐந்து நிரல் போட்டு வாசலிலேயே மேசையில் வைக்கிறீர்கள். சிவில் உடையில் வந்த புலனாய்வாளர் கைத்தொலைபேசியில் அதைப் படமெடுக்க ஐந்து விநாடி போதும். அன்றிரவே 'ஏன் போனீங்கள், யார் பேசினது' என்று அழைப்பு வரும். அடுத்த கூட்டத்தில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். உங்கள் அறிக்கையிலோ 'ஆர்வக் குறைவு' என்று பதியப்படும். கணக்காய்வுக்குக் கையொப்பம் தேவை என்பது விளங்குகிறது. பணம் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் தனித் துண்டில் கையொப்பம் வாங்கி உறையில் இட்டு மூடுங்கள். பொதுத்தாளில் தொடரிலக்கம் மட்டும் இருக்கட்டும். முகம் தெரியும் படமும் வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் அழும் படம் இல்லாமல் ஓர் அறிக்கையும் எழுத முடியாதா என்ன?

அந்தத் தாய்மாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி, கைதான இளைஞர்களை விடக் கோரி அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரிக்கு ஊர்வலம் போனது. 1990 இல் தெற்கிலும் அதே பெயரில் சிங்களத் தாய்மார் திரண்டார்கள். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், அடுத்து முல்லைத்தீவிலும் தொடர் போராட்டம். இந்த நாட்டில் சமாதானத்துக்கான மிக நீண்ட வேலையைச் செய்தவர்கள் இவர்கள். ஆனால் அரசு இவர்களைச் சாட்சிகளாக மட்டும் பார்க்கிறது. கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, கலந்தாலோசனைச் செயலணி, காணாமல் போனோர் அலுவலகம் என ஒவ்வொரு மேசைக்கும் அதே கதை, புதிய கோப்பிலக்கம். நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்ட அந்தக் கலந்தாலோசனைச் செயலணியில் 11 பேரில் 6 பேர் பெண்கள். மனோரி முத்தெட்டுவேகம தலைவர், சித்திரலேகா மௌனகுரு ஓர் உறுப்பினர். நாடெங்கும் 7,306 கருத்துரைகளைத் திரட்டி 2017 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். பெண்கள் பெரும்பான்மையாக இருந்து ஒழுங்காகச் செய்த ஒரு வேலை. அறிக்கை அலுமாரியில் கிடக்கிறது. புதிதாக ஒரு பொறிமுறை அமைப்பதானால் முதலில் அதைத் திறந்து வாசிக்கட்டும், தாய்மாரை மறுபடி வரிசையில் நிறுத்த முன்.

குடும்பங்களுக்குச் சொல்வது: பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கப் பதிவிலக்கம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் நம்பிக்கையானவரிடம், ஒன்று கையில் கொண்டுபோக. மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், எவ்வளவு பெரிய அதிகாரி கேட்டாலும்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணுக்குத் தன் சொத்தே தன்னுடையதாக இல்லாத நிலையும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி, கணவர் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை வழங்கலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவருக்கு வழக்குச் செலவு தடை. இலவச சட்ட உதவி இங்கேதான் போக வேண்டும். அரச அனுமதிப்பத்திரக் காணியில் மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த 1935 ஆம் ஆண்டு ஏற்பாடு 2022 இல்தான் திருத்தப்பட்டது. சில அலுவலகங்களில் பழைய பழக்கத்தில் 'மகன் பெயரில் எழுதுவோம்' என்று இன்னும் சொல்வார்கள். திருத்தச் சட்டத்தின் பிரதியை மேசையில் வைத்தால் பேச்சு மாறும். காணி பெயரில் இல்லாத பெண் காணிப் பிணக்கைத் தீர்க்கும் கூட்டத்தில் 'சம்பந்தப்பட்ட தரப்பு' ஆவதில்லை.

சிறு பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் மத்தியஸ்த சபைகளில் வாசல் ஓரளவு திறந்தே இருக்கிறது, உள்ளே போவார்தான் குறைவு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அரசியல் சார்பற்ற அமைப்புகள் மத்தியஸ்தர்களின் பெயரைப் பிரேரிக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதை ஏன் பயன்படுத்துவதில்லை? மத்தியஸ்தர்களைத் தரப்புக்கு ஒருவராக இரு தரப்பும் தெரிவு செய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். மத்தியஸ்தர் பெயர்ப்பட்டியலில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தால் யாரும் தெரிவு செய்யாமல் விடலாம். ஆறேழு பேர் இருந்தால், அதில் முஸ்லிம் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் இருந்தால், எல்லைக் கிராமத்துப் பிணக்கில் தவிர்க்க முடியாது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் திரும்பி வந்த ஊர்களில் வேலி, கிணறு, ஆட்சியுரிமை என்று எத்தனை பிணக்குகள். அங்கே தமிழ்ப் பெண்கள் மட்டும் அமரும் மேசையும் அரை மேசைதான்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். பிரதேச சபைச் செய்தி போடும்போது எந்தக் குழுவில் யார் என்ற பட்டியலைச் சபை வாரியாக வெளியிடுங்கள். நிதிக்குழுவில் ஒரு பெண்ணும் இல்லாத சபைகளின் பெயர் வாசகருக்குத் தெரியட்டும். மகளிர் தினச் சிறப்பிதழில் படங்களுக்கு ஒதுக்கும் பக்கத்தில் ஒன்றை எடுத்து, கடந்த ஆண்டு பெண்கள் குழுக்கள் எந்த அலுவலகத்திடம் என்ன கேட்டன, எத்தனைக்குத் திகதியிட்ட பதில் வந்தது என்று அச்சிடுங்கள். கேள்விகளைத் தொகுத்து அனுப்பும் வேலையை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
வடக்கு, கிழக்கில் பெண்கள் குழுக்களோடு பணிபுரியும் பயிற்றுநர்கள்